சுண்ணாம்பு பூசாத கல்லறை

நெடுந்தீவில் பாசிக்கு ஒரு எமன் இருந்தார் என்றால் அவர் சுண்ணாம்புக்கார யாகப்பர்தான். வருடம் முழுவதும் கடற்கரையில் ஒதுங்கும் பவள முருகைக்கல் பொறுக்கிச் சூளை மூட்டிச் சுண்ணாம்பு நீற்றுவார். ஐப்பசி பிறந்தால், தேய்ந்த மண்வெட்டித் தகட்டில் செய்த சுரண்டியைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குப் போவார். அங்கே கல்லறைகளில் பிடித்திருக்கிற பாசியை ஒட்டச் சுரண்டி வெள்ளையடிப்பார். கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி, மரித்தோர் திருநாளன்று சனம் மெழுகுதிரியோடு வரும்போது, செத்தவர்கள் எல்லோரும் சலவைச் சட்டை போட்டவர்கள் மாதிரி வரிசையாகக் கிடப்பார்கள். இருபத்தைந்து வருடமாக இதுதான் அவருடைய சீவியம். அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு பாசி திரும்பவும் வந்து குந்தியிருக்கும்.

"இந்தச் சனியனுக்கு வெக்கம் எண்டதே இல்லை" என்பார் யாகப்பர்.

"அது வராட்டி உங்களை ஆர் தேடப் போகினம்?" என்பாள் அவருடைய மனைவி அல்போன்சம்மா. அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை.

கல்லறைக்கு வெள்ளையடிப்பதற்கு அந்தப் பங்குக் கோயிலில் ஒரு வழமை இருந்தது. செத்தவருடைய வீட்டார் யாராவது ஒருவர் வெறும் மண்கலயத்தோடு யாகப்பர் வீட்டு வாசல் படலைக்கு வந்து, செத்தவரின் பெயரைச் சொல்லவேண்டும். அவர் கலயத்தில் சுண்ணாம்பு வார்த்துக் கொடுப்பார். முதல் பூச்சை வீட்டார் தங்கள் கையால் பூசவேண்டும். மிச்சத்தை அவர் முடித்துக் கொடுப்பார். கலயம் வராத கல்லறையில் அவர் கை வைக்கமாட்டார். கேளாமல் பூசினால், செத்தவருக்கு ஆளில்லை என்று ஊருக்குப் பறை அடித்த மாதிரி ஆகிவிடும். ஆகவே திருநாளன்று எந்தக் கல்லறை பாசியோடு நிற்கிறதோ, அந்த வீட்டார் தலையைக் குனிந்துகொண்டுதான் பூசை காணவேண்டும்.

1933ஆம் ஆண்டு தொடக்கம் வரிசையாக நான்கு திருநாளுக்கு அப்படிப் பாசியோடு நின்றது ஒரே ஒரு கல்லறை. அதில் கிடந்தவள் கிறேசம்மா. யாகப்பருடைய ஒரே தங்கை.

தாயும் தகப்பனும் ஒரே கொள்ளைநோயில் போனபோது கிறேசம்மாவுக்கு ஐந்து வயது, யாகப்பருக்குப் பத்தொன்பது. சூளை வெக்கையில் நின்றுதான் அவளுக்குச் சோறு போட்டார், சட்டை தைப்பித்தார், தன் கலியாணத்தையும் அவளுக்காகத் தள்ளி வைத்தார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. குளிர்காலத்தில் கூடும் என்று மருந்துக்காரர் சொன்னதால், அவளுக்கு எப்போதும் இரண்டு போர்வை வாங்கி வைத்திருப்பார். பிறகு வள்ளம் வைத்துக் கடற்றொழில் செய்த மனுவேலுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார். மனுவேல் அதிகம் பேசாதவன். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பவன். அது அடக்கம் என்று அந்த நேரத்தில் யாகப்பருக்குப் பட்டது.

பாசி யாகப்பருக்கு எதிரி என்று சொன்னேன். அந்தப் பகைக்குள் ஒரு சிநேகிதமும் பிறந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். 1930இல் ஒரு பிரெஞ்சுக்காரச் சுவாமியார் பங்குக்கு வந்தார். யாகப்பரைவிடப் பத்து வயது இளையவர். பேசுவதோ அச்சடித்த தமிழ். வந்த முதல் ஐப்பசியிலேயே சேமக்காலை மதிலடிக்கு ஓடிவந்து சுரண்டியைப் பிடித்தார்.

"யாகப்பரே, சற்றுப் பொறும். அதைக் கொல்லுமுன் எனக்குக் கொஞ்சம் தாரும்."

யாகப்பரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சுவாமியார் சிரிக்கவில்லை. பாசியை நகத்தால் கிளப்பி, காகிதத்தில் மடித்து, இடத்தையும் திகதியையும் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். இப்படிப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தாராம். அவருக்குத் தீவு புதிது. யாகப்பருக்கோ எந்தக் கல்லின் எந்தப் பக்கத்தில் எந்தப் பச்சை வரும் என்பது மனப்பாடம். சுரண்டப் போகிற இடத்திலெல்லாம் ஒரு துண்டு எடுத்து வந்து கொடுப்பதும், அதைப்பற்றி இருவரும் இருந்து வாதாடுவதும் வழக்கமாகிப் போயிற்று. சுவாமியார் தன்னிடமிருந்த இரண்டு பெருக்குக் கண்ணாடியில் ஒன்றைக் கறுத்த நூலில் கட்டி அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

கண்ணாடிக்குள்ளே பார்த்தால் அது வேறு தேசம். தண்டும் இலையுமாக ஒரு தோப்பே நின்றது. யாகப்பர் ஒரு செடியைக் கிளப்பி வேரைத் தேடினார். வேர் இல்லை. கல்லைப் பிடித்துக்கொள்ள மயிர் மாதிரி நாலைந்து இழை மட்டும் இருந்தது.

"அப்ப இது எதாலை சுவாமி தண்ணி குடிக்குது?"

"உடம்பால். மேலே விழுகிற தண்ணீரை இலை அப்படியே குடிக்கும். பனைக்கு உள்ளே குழாய் இருக்கிறது, வேரிலிருந்து வட்டு வரைக்கும் தண்ணீர் ஏறுகிறது. இதற்குள்ளே குழாய் இல்லை. ஆகையால்தான் இது விரல் நகத்துக்கு மேல் வளருவதில்லை."

கிணற்றடியில் தண்ணீர் சிந்துகிற இடத்தில், தண்டு எது இலை எது என்று பிரியாமல் வட்டமாக நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிற பச்சையும் இதற்குச் சொந்தம்தான் என்றார் சுவாமியார். கிணற்றுத் தண்ணீருக்குள் நூலாய் மிதப்பதை நாமும் பாசி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது வேறு சாதி என்றும் சொன்னார். யாகப்பர் எதையும் சொன்னவுடன் நம்புகிற ஆளல்ல. பங்குனியில் கறுத்துப் பொருக்காகிக் கிடந்த ஒரு பாசியைக் கொண்டுவந்து பீங்கானில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். வாயில் போட்ட வெற்றிலையைச் சப்பி முடிக்கவில்லை. சுருண்டு கிடந்த இலையெல்லாம் விரிந்து பச்சையாகிவிட்டது. மனுஷன் ஆடிப்போனார்.

"செத்துப்போச்செண்டு நினைச்செல்லோ இவ்வளவு காலமும் சுரண்டினனான்" என்றார்.

அதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. மெல்லிய காம்பின் நுனியில் தொப்பி போட்ட சின்னக் குடம் ஒன்று வரும். காய்ந்த காற்று அடிக்கிற நாளில் தொப்பியும் மூடியும் கழன்று, உள்ளேயிருக்கிற தூள் பறந்து போய் வேறு கல்லில் முளைக்கும். அந்தக் குடம் வருவதற்கு முன்னால் ஆண் வித்து பெண்ணிடம் போகவேண்டும். அது நீந்தித்தான் போகவேண்டும். இலைக்கு மேலே தண்ணீர் இல்லாவிட்டால் அங்கே கலியாணம் இல்லை. இதைக் கேட்ட யாகப்பர், "அப்ப இதுகளும் எங்கடை கடற்றொழில் ஆக்கள்தான்" என்று சிரித்தார். சுவாமியார் இன்னொன்றும் சொன்னார். பச்சைச் சுண்ணாம்பு பாசியைச் சுட்டுவிடும். ஆனால் பூசிய சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுப் பழையபடி கல்லாகிறது. கல்லானதும் அதே இடத்தில் பாசிக்கு நல்ல இருப்பிடம். "நீர் ஒவ்வோர் ஆண்டும் அதற்குப் பாய் விரித்துக் கொடுக்கிறீர், யாகப்பரே."

அந்த நாட்களில் கிறேசம்மா அடிக்கடி தமையன் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள் ஒரு மணித்தியாலமாகத் திரும்பவில்லை. அல்போன்சம்மா போய்ப் பார்த்தால், கிணற்றுக்கட்டுப் பாசியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறாள். "அண்ணி, இஞ்சை வந்து பாருங்கோ, எவ்வளவு குளிர்ச்சி" என்றாளாம்.

1932 மார்கழியில் கிறேசம்மாவுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. விடிய வந்த நோ, மத்தியானம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். கடல் தாண்டி ஊர்காவற்துறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெளியே வாடைக்காற்றில் கடல் கறுத்து எழும்பிக்கொண்டிருந்தது.

"வள்ளத்தை இறக்கு" என்றார் யாகப்பர்.

மனுவேல் கரையில் நின்று நெடுநேரம் கடலைப் பார்த்தான். "ஏலாது மச்சான்" என்றான்.

பொழுதுபடுகிற நேரத்தில் கிறேசம்மா போய்விட்டாள். பிள்ளையும் போயிற்று. அடுத்தநாள் சேமக்காலையில், முழு ஊரும் நிற்க, யாகப்பர் மனுவேலைப் பார்த்துச் சொன்னார்: "வள்ளம் வைச்சிருந்தும் கரையிலை நிண்டு பாத்தவன் நீ." அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் மதிலைப் பார்ப்பார், மற்றவன் நிலத்தைப் பார்ப்பான்.

அடுத்த ஐப்பசியில் எல்லா வீட்டுக் கலயமும் வந்தது. மனுவேலின் கலயம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. யாகப்பர் தானே போய்ப் பூசியிருக்கலாம். ஆனால் வீம்பு இருக்கிறதே, அது துக்கத்தோடு சேர்ந்தால் ஆளை அசையவிடாது. "அவன் வந்து கேக்கட்டும்" என்று காத்திருந்தார். ஒவ்வொரு திருநாளுக்கும் வெள்ளை வெளேரென்ற கல்லறைகளுக்கு நடுவே தங்கையுடையது மட்டும் பச்சையாய் நிற்க, அதைப் பார்த்து மனம் வெந்தார். மனுவேலை ஊர் பழிப்பதைக் கேட்டு ஒரு பக்கம் ஆறுதலும் பட்டார். பிறகு தான் ஆறுதல் பட்டதை நினைத்து வெட்கப்பட்டார்.

அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் இன்னொருவர் கிடக்க இடம் விட்டிருந்தது. அது மனுவேலுக்குரிய இடம். நாலாவது திருநாளும் போன பிறகு யாகப்பருக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியைப் பாசியில் போட்டவனுக்கு அவளுக்குப் பக்கத்தில் என்ன இடம்? நேரே சுவாமியாரிடம் போய், அந்த நிலத்தைத் தன் பெயரில் எழுதச் சொல்லிக் கேட்டார்.

சுவாமியார் சேமக்காலைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "நான்கு ஆண்டு ஒருவரும் கவனிக்கவில்லை என்பது உண்மைதான். வருகிற மரித்தோர் திருநாளுக்கு முன் நீர் அதைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தால் உம்முடைய பெயரில் எழுதுவேன். ஆனால், யாகப்பரே, எழுதினால் எழுதினதுதான். மனுவேல் இறக்கும்போது அவனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்."

"அதைத்தான் சுவாமி நானும் கேக்கிறன்" என்றார் யாகப்பர்.

வீட்டில் அல்போன்சம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "செத்த பிறகும் புருசனையும் பெண்சாதியையும் பிரிக்கிற வேலை உங்களுக்கு என்னத்துக்கு? அவள் உங்களிட்டைக் கேட்டவளோ?"

"நீ சும்மா இரு" என்றார். அவள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம், 1937, மழை ஏமாற்றிய வருடம். முந்தின மாரி சரியாகப் பெய்யாததால் ஆனியிலேயே கேணிகள் வெடித்துக் கிடந்தன. சாராப்பிட்டி நல்லதண்ணீர்க் கிணறுகளில் மட்டும்தான் குடிக்கத் தண்ணீர். அங்கும் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு ஒரு குடம் என்று விதானையார் கட்டளை போட்டிருந்தார். தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகள் கிணற்றடிக்கு வந்து சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆவணியில் ஒருநாள் விடியற்காலை யாகப்பர் சுரண்டியோடு சேமக்காலைக்குப் போனார். மழைக்கு முந்திப் போவதற்குக் காரணம் இருந்தது. காய்ந்த பாசி சுரண்டிக்கு இலகு. ஒரு தட்டில் பொருக்காக உதிர்ந்துவிடும்.

மதிற் கல்லெல்லாம் பாசி கரி பிடித்த மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மற்றக் கல்லறைகளின் வெடிப்புகளிலும் அப்படித்தான். தங்கையின் கல்லறை பூவரச மரத்தடியில். அவர் குனிந்து சுரண்டியை வைக்கப் போனார். கை நின்றுவிட்டது.

பாசி பச்சையாக இருந்தது. தலைமாட்டுச் சிலுவையிலிருந்து கால்மாடு வரை, கல்லறையின் முகம் முழுவதும் பச்சை.

விரலால் தொட்டார். குளிர்ந்தது, ஈரம் ஒட்டியது. ஆவணியில் பனி ஏது? பூவரசின் வேர் நிலத்துக்கடியில் தண்ணீரைத் தேடி எடுத்திருக்கலாம். மரத்துக்கு வேர் உண்டு. இதற்கு வேர் ஏது? கீழேயிருந்து ஒரு சொட்டும் இதற்குள் ஏறாது. மேலேயிருந்து விழுந்ததைத்தான் இது குடித்திருக்கிறது. அதுவும் இன்று விடிய விழுந்ததை. நேற்றைய தண்ணீராக இருந்தால் கோடைச் சோழகக் காற்று இந்நேரம் இலையைச் சுருட்டியிருக்கும்.

யாகப்பர் கழுத்துக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். காம்புகள் நூற்றுக்கணக்கில் எழும்பி நின்றன. நுனியிலே குடம், குடத்துக்கு மேலே தொப்பி. எல்லாம் இளசு. மற்ற இடங்களில் மாசி பங்குனியோடு தூள் பறந்து வெறுங் கோதாகப் போயிருக்க, இங்கே ஆவணியில் குடம் கட்டியிருக்கிறது. அப்படியானால் சித்திரை, வைகாசியிலேயே இதன் இலைக்கு மேலே தண்ணீர் நின்றிருக்கிறது, ஆண் நீந்திப் போயிருக்கிறது. ஒருநாள் இரக்கப்பட்டு யாரோ தெளித்த தண்ணீர் அல்ல இது. மாதக் கணக்காக, ஒரு விடியலும் தப்பாமல், குடிக்கிற தண்ணீரில் யாரோ பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் ஏலவில்லை. ஒருவேளை அல்போன்சம்மாவோ என்று நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து குடத்தை எட்டிப் பார்த்தார். அது எப்போதும் போல அளவாக இருந்தது. அன்று முழுவதும் அவர் சூளைப் பக்கம் போகவில்லை.

அடுத்தநாள் கோயில் மணி அடிக்குமுன்னே போய்ப் பூவரசுக்குப் பின்னால் நின்றார். நிலம் வெளுத்து வந்தபோது மனுவேல் ஒரு செம்போடு சேமக்காலைப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். ஆள் மெலிந்திருந்தான். தனியாள் என்பதால் அவனுக்குக் கிடைப்பது அரைக் குடம். செம்பை ஊற்றிவிடவில்லை, கையை நனைத்து நனைத்து, ஒரு மூலை விடாமல் தெளித்தான். செம்பின் அடியில் மிஞ்சியதைச் சிலுவையடியில் விட்டான். பிறகு முழங்காலிட்டு, வெறும் உள்ளங்கையைப் பாசியின் மேல் வைத்தான். காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்போமே, அப்படி வைத்தான்.

யாகப்பர் வெளியே வந்தார். கையில் சுரண்டி இருந்தது. மனுவேல் முதலில் அதைத்தான் பார்த்தான்.

"சுரண்ட வந்தனீங்களோ, மச்சான்?"

"ஓம். சுரண்டத்தான் வந்தனான்."

"இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ. இப்பதான் தண்ணி குடிச்சது."

யாகப்பர் சுரண்டியைத் தாழ்த்தினார். கோபப்படவேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தார். "நாலு வரியமா ஏன் காணும் கலயம் கொண்டு வரேல்லை? ஊர் என்ன சொல்லுதெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

மனுவேல் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தான். அன்றைக்கு மட்டும் ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. "அவளுக்குச் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளாது, மச்சான். சின்னனிலை இருந்தே. நீங்கள் நீத்துற நாளிலை அந்தத் தூள் நெஞ்சுக்குள்ளை போனால் மூச்சு எடுக்கேலாமல் கிடப்பாள். குளிராலை எண்டு நீங்கள் போர்வை வாங்கிக் குடுப்பியள். எங்கடை வீட்டுக்கு வந்தாப் பிறகு ஒருநாளும் இழுப்பு வரேல்லை. உங்களிட்டைச் சொல்லப்படாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள். 'அண்ணை அறிஞ்சால் சூளையைக் கைவிட்டிட்டுப் பட்டினி கிடப்பார்' எண்டு. 'நான் செத்தாலும் எனக்கு மேலை அதைப் பூச விட்டிடாதேங்கோ, கிணத்தடியிலை கிடக்கிற பச்சை வந்தால் வரட்டும்' எண்டு சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். நான் அதைத்தான் செய்யிறன்."

யாகப்பர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சூளைப் புகைக்குள் நின்று தான் வளர்த்த பிள்ளை. இரவிலே அவள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு பக்கத்தில் கிடந்திருக்கிறார், விடிந்ததும் எழும்பி அவளுக்காகவே போய் அடுத்த சூளையை மூட்டியிருக்கிறார். ஒருநாள்கூட அவள் வாய் தவறியும் சொல்லவில்லை. தமையனுக்காகப் பொய்க்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"இவ்வளவு நாளும் ஏனடா இதை எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"சத்தியம் பண்ணினனான், மச்சான். நீங்கள் சுரண்டியோடை வராட்டி இண்டைக்கும் சொல்லியிருக்க மாட்டன்."

அந்த மார்கழி மத்தியானத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசினால் யாருக்கு என்ன திரும்பி வரும்? யாகப்பர் கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "பார். குடம் கட்டியிருக்கு. உன்ரை தண்ணியாலை வந்தது." மனுவேல் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். சிறிது நேரத்தில் கண்ணாடி நனைந்துவிட்டதால் வேட்டித் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

யாகப்பர் அங்கிருந்து நேரே சுவாமியாரிடம் போனார்.

"சுவாமி, அந்த நிலம் மனுவேலின்ரை பேரிலையே இருக்கட்டும்."

"கல்லறையைச் சுத்தம் செய்யவில்லையா?"

"அது சுத்தமாத்தான் சுவாமி இருக்குது."

சுவாமியார் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கோப்பி குடிக்கச் சொன்னார்.

அந்த வருடத் திருநாளிலும் ஒரு கல்லறை பச்சையாகத்தான் நின்றது. வழக்கம்போல இரண்டு பேர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். வெள்ளையடிக்கிற யாகப்பரே அதன் முன்னால் முழங்காலிட்டு, மனுவேலின் கையிலிருந்த திரியில் தன் திரியைப் பற்றவைத்ததைக் கண்டதும் முணுமுணுப்பு நின்றது. அதற்குப் பிறகு மனுவேல் தொழிலுக்குப் போய்க் கரை திரும்பாத நாட்களில் யாகப்பர் செம்போடு போனார். அல்போன்சம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மனுவேலுக்குச் சோறு கட்டி அனுப்பினாள். யாகப்பர் சூளையை விடவில்லை. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. ஆனால் படலைக்கு யாராவது சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால், "பிள்ளையை அங்காலை கொண்டு போங்கோ, தூள் பறக்குது" என்று பெரிய சத்தத்தில் கலைப்பார். கிழவனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

1944 பங்குனியில் மனுவேல் நெஞ்சுவலியால் இறந்தான். வள்ளத்தை இழுத்துக் கரையில் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டான். குழி வெட்டுகிறவர்கள் வருமுன் யாகப்பர் தனியாகச் சேமக்காலைக்குப் போனார். வேருள்ள செடியென்றால் பிடுங்கினால் பாதி சாகும். இதைச் சுருட்டி எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். விரலைக் கீழே விட்டு, கல்லிலிருந்து நோகாமல் கிளப்பி, பாய் மாதிரிச் சுருட்டி, நனைத்த சாக்கில் வைத்து நிழலில் மூடினார். மனுவேலைக் கிறேசம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடிக் கல்லும் பரவிய பிறகு, சாக்கைத் திறந்தார். பாசியைச் சரிபாதியாகக் கிழித்து, ஒரு துண்டைத் தங்கையின் மேலும் மற்றத் துண்டை மனுவேலின் மேலும், ஓரம் ஓரத்தைத் தொடும்படி விரித்தார். உள்ளங்கையால் அமத்தினார். தண்ணீர் தெளித்தார்.

"பிடிக்குமோ?" என்று கேட்டாள் அல்போன்சம்மா.

"ஒரு துண்டு போதும், தன்ரை பாட்டிலை வளரும்" என்றார் யாகப்பர்.

விடிய ஒருதரம், பொழுதுபட ஒருதரம் என்று அந்தக் கோடை முழுவதும் போனார். மாரி வந்து போயிற்று. தையிலே ஒரு காலை, இரண்டு துண்டும் சந்தித்த இடத்தைப் பார்க்கக் குனிந்தார். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தடவினார், திரும்பவும் தடவினார். எங்கே தங்கை முடிகிறாள், எங்கே மச்சான் தொடங்குகிறான் என்று யாகப்பருக்குத் தெரியவில்லை. அங்கேயே இருந்து வாய்விட்டு அழுதார்.